உங்களுக்குத் தெரியுமா? தீராத வலியும் மனசும்

நாற்று நடவில் நாள் முழுக்கக் குனியும் முதுகு, குழித்தறியில் மிதித்து மிதித்து ஓய்ந்த முழங்கால், கல்குவாரியில் சம்மட்டி பிடித்த தோள், ஒரகடம் கம்பெனியில் ஷிப்ட் முழுக்க நின்ற குதிகால். உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் வலியைப் பற்றிப் பேச ஆள் தேட வேண்டியதில்லை. தைலம், பற்று, ஊசி, பெல்ட் என்று எல்லாம் பார்த்த பிறகும் வருஷக்கணக்கில் போகாத வலி பலருக்கு இருக்கிறது. அந்த வலிக்கான வைத்தியத்தில் மனசுக்கு எவ்வளவு பெரிய பங்கு இருக்கிறது என்பதை மட்டும் நம்மிடம் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்த வாரத் துணுக்குகள்.

வலி என்றால் என்ன?
உலக வலி ஆய்வுச் சங்கம் 1979இல் வலிக்கு ஒரு வரையறை தந்தது. 2020இல் அதைத் திருத்தி எழுதியது. இரண்டிலும் மாறாத செய்தி ஒன்று உண்டு: வலி என்பது உடம்பு உணர்வது மட்டுமல்ல, மனம் படும் அனுபவமும் கூட. ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும் 2020ஆம் ஆண்டின் குறிப்பு சொல்கிறது. ‘ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையே, சும்மா சொல்றாங்க’ என்று மாமியாரையோ மருமகளையோ பேசுவதற்கு மருத்துவத்தில் இடமே கிடையாது.

மூன்று மாதக் கணக்கு
மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, விட்டு விட்டுத் திரும்ப வந்துகொண்டே இருந்தாலோ அது நாட்பட்ட வலி. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இதற்குத் தனி இடம் கொடுத்திருக்கிறது. வெட்டுக்காயமோ சுளுக்கோ ஆறிய பிறகும், தண்டுவடமும் மூளையும் அபாயச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கப் பழகிவிடுவது உண்டு. அப்போது லேசாகத் தொட்டாலும் வலிக்கும். கவலை, பயம், தூக்கமின்மை எல்லாம் இந்தப் பழக்கத்தை இன்னும் இறுக்கும்.

வலி இல்லாவிட்டால் என்ன ஆகும்?
செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருக்கிறது மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதாகத்தான் ஒரு காலத்தில் நம்பினார்கள். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த அறுவை சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், உண்மைக் காரணத்தை உலகுக்கு எடுத்துக் காட்டினார். நரம்பு கெட்டு வலியே தெரியாததால், சுடும் பாத்திரத்தையும் காலில் தைத்த முள்ளையும் அவர்கள் உணரவில்லை. காயத்தின் மேல் காயம் பட்டுத்தான் விரல்கள் தேய்ந்தன. வலி நமக்குக் காவல். தேவை முடிந்த பிறகும் அது ஓயாமல் எச்சரித்துக்கொண்டே இருப்பதுதான் நாட்பட்ட வலி.

போர்முனையில் ஒரு வியப்பு
இரண்டாம் உலகப் போர், 1944, இத்தாலியின் ஆன்சியோ கடற்கரை. படுகாயம் அடைந்த சிப்பாய்களிடம் ‘வலிக்கு மருந்து வேண்டுமா?’ என்று கேட்டார் அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர். முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றார்கள். சண்டை முடிந்தது, உயிரோடு வீடு திரும்பப் போகிறோம் என்ற ஆறுதல் அவர்களுக்கு இருந்தது என்பது பீச்சர் கண்ட விளக்கம். அதே அளவு காயம், ‘நாளைக்கு வேலைக்குப் போகலைன்னா அடுப்பு எரியாது’ என்ற நிலையில் இருப்பவரை எவ்வளவு வாட்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

தேய்த்தால் ஏன் சுகம்?
இடித்துக்கொண்ட முழங்கையை உடனே தேய்த்துவிடுகிறோமே, அது ஏன் என்பதற்கு 1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் விளக்கம் தந்தார்கள். தண்டுவடத்தில் ஒரு கதவு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். தேய்ப்பதும் தடவுவதும் அந்தக் கதவைச் சாத்த உதவும். வலிச் செய்தி குறைவாகவே மேலே போகும். மூளையும் மேலிருந்து உத்தரவு அனுப்பிக் கதவைத் திறக்கவோ சாத்தவோ முடியும். பதற்றமும் பயமும் திறந்துவிடும். நிம்மதியும் வேறொன்றில் ஈடுபாடும் சாத்தும். பேத்தி தைலம் தேய்த்துவிட்டால் பாட்டிக்கு வலி குறைவதில் தொடுதலுக்கும் பங்கு உண்டு, பாசத்துக்கும் பங்கு உண்டு.

இல்லாத காலில் வலி
சர்க்கரை நோயால் காலை எடுத்த பிறகும் ‘அந்தக் கால் விரல் குத்துது’ என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பிதற்றவில்லை. மூளைக்குள் இருக்கும் உடம்பின் வரைபடத்தில் அந்தக் கால் இன்னும் இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ்.ராமச்சந்திரன், 1990களில் ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்து இதற்கு வழி கண்டார். கை இழந்தவர்களிடம், நல்ல கையின் பிம்பத்தை, இழந்த கை இருந்த இடத்தில் தெரியும்படி வைத்து அசைக்கச் சொன்னபோது, சிலருக்கு வலியும் இறுக்கமும் தளர்ந்தன. இன்று பல நாடுகளில் கண்ணாடிச் சிகிச்சை நடைமுறையில் இருக்கிறது.

‘தேய்மானம்’ என்று கேட்டதும் பதறாதீர்கள்
முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும், 50 வயதில் 80 சதவீதம் பேருக்கும், 80 வயதில் 96 சதவீதம் பேருக்கும் முதுகெலும்பு வட்டில் தேய்மானம் தெரிந்தது. தலைமுடி நரைப்பதைப் போல வயதோடு வரும் மாற்றம் இது. ‘எலும்பு தேஞ்சுபோச்சு’, ‘ஜவ்வு விலகிடுச்சு’ என்ற ஒரு சொல், கேட்பவரைக் கட்டிலோடு முடக்கிவிடக்கூடும். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும், ‘இது என் வயசுக்கு எல்லாருக்கும் இருக்கிறதா டாக்டர்?’ என்று கேளுங்கள்.

பயம் என்னும் சுழல்
குனிந்தால் வலிக்கும் என்று குனியாமல் இருப்போம். குனியாததால் தசை சோர்ந்துபோகும். சோர்ந்த தசை, கொஞ்சம் அசைந்தாலும் வலிக்கும். அதனால் பயம் கூடும். கோயில் திருவிழா, சொந்தக்காரர் கல்யாணம், நூறு நாள் வேலை எல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோகும். ஆள் தனித்துப் போனதும் வலி மட்டுமே துணைக்கு இருக்கும். பயந்து ஒதுங்கும் இந்தச் சுழலை விளக்கி விளாயென், லிண்டன் என்ற இரு உளவியலாளர்கள் 2000இல் எழுதிய கட்டுரை, வலி மருத்துவத்தையே திசை திருப்பியது. அசைவது ஆபத்தில்லை என்று டாக்டர் உறுதி சொன்ன பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக அசையத் தொடங்குவதுதான் வெளியே வரும் வழி.

நான்கு மடங்கு
உலக சுகாதார நிறுவனம் பெங்களூரு உட்பட 14 நாடுகளின் ஊர்களில், சாதாரண மருத்துவமனைகளுக்கு வந்தவர்களை ஆராய்ந்தது. 1998இல் வெளியான முடிவின்படி அவர்களில் 22 சதவீதம் பேருக்கு நீடித்த வலி இருந்தது. வலி இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், மனச்சோர்வோ பதற்ற நோயோ இருப்பதற்கான வாய்ப்பு அவர்களுக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு. வலி மனசைச் சோர வைக்கிறது, சோர்ந்த மனசு வலியைக் கூட்டுகிறது. எது முதலில் வந்தது என்று ஆராய்வதைவிட இரண்டுக்கும் ஒரே சமயத்தில் மருந்து பார்ப்பதே பலன் தரும்.

மனச்சோர்வு உடம்பின் வழியாகப் பேசும்
நம் ஊரில் யாரும் ‘எனக்கு மனச்சோர்வு’ என்று சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. ‘உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு’, ‘கை கால் குடைச்சல்’, ‘தலை பாரம்’, ‘நெஞ்சு படபடப்பு’ என்றுதான் வருவார்கள். அவர்கள் படும் வேதனை அத்தனையும் நிஜம். எதிலும் நாட்டமில்லாமல் இருப்பது, காரணமின்றி அழுகை வருவது, பசியும் தூக்கமும் கெடுவது, இருந்து என்ன பயன் என்ற நினைப்பு. இவற்றில் சில இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், மூட்டுவலியோடு இதையும் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

விடுபட்டவர்கள் எத்தனை பேர்?
தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16இல் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் முன்னின்று நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனச்சோர்வு நோயுள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்றது. அவர்களில் எத்தனையோ பேர் இடுப்புவலிக்கும் தலைவலிக்கும் மாத்திரை வாங்கிக்கொண்டு நம் பக்கத்தில்தான் நடமாடுகிறார்கள்.

தூக்கம் ஒரு மருந்து
நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களையே ஆய்வுக்காக இரவில் தூங்கவிடாமல் செய்தபோது, மறுநாள் அவர்கள் வலியைத் தாங்கும் திறன் குறைந்தது. வலியால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் வலி கூடும். இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் பிள்ளைகளுக்குப் பகலில் இருட்டான, சத்தமில்லாத இடத்தை ஒதுக்கிக் கொடுப்பதும் வலிச் சிகிச்சையில் சேர்த்திதான். மதியத்துக்குப் பிறகு டீ, காபியைக் குறைப்பது, தினமும் ஒரே நேரத்தில் எழுவது இரண்டும் காசில்லாத வைத்தியம்.

‘இது மனநோய் மாத்திரையாமே!’
பாத எரிச்சல், நரம்பு வலி, நாட்பட்ட தலைவலி ஆகியவற்றுக்கு அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின் போன்ற மாத்திரைகளை டாக்டர்கள் எழுதுவது வழக்கம். மருந்துக்கடையிலோ போனில் தேடியோ ‘டிப்ரஷன் மாத்திரை’ என்று தெரிந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். உண்மை என்னவென்றால், வலிச் செய்தியைத் தணிக்கும் நரம்புப் பாதையும் மனநிலையைத் தாங்கும் பாதையும் ஒரே ரசாயனங்களைப் பயன்படுத்துகின்றன. அமிட்ரிப்டிலினை வலிக்கு 10 அல்லது 25 மில்லிகிராமில் தொடங்குவார்கள்; மனச்சோர்வுக்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். வாய் உலரும், தூக்கம் வரும். இதய நோய், கண் அழுத்த நோய், சிறுநீர் அடைப்பு இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நம்பிக்கை உடம்பில் செய்யும் வேலை
1978இல் பல் அறுவை செய்துகொண்டவர்களுக்கு மருந்தே இல்லாத போலி மருந்தைக் கொடுத்து ஆராய்ந்தார்கள். சிலருக்கு வலி குறைந்தது. பிறகு, உடம்பில் சுரக்கும் இயற்கை வலிநீக்கியின் வேலையைத் தடுக்கும் நலாக்சோன் என்ற மருந்தைக் கொடுத்ததும் அந்த நிவாரணம் மறைந்தது. ஆக, நம்பிக்கை வந்தபோது உடம்பே தனக்கான மருந்தைச் சுரந்திருக்கிறது! 2016இல் போர்ச்சுகலில் முதுகுவலிக்காரர்களிடம் ‘இது போலி மாத்திரைதான்’ என்று வெளிப்படையாகச் சொல்லியே கொடுத்தார்கள்; அப்போதும் வலி குறைந்தது. முகம் பார்த்துப் பேசும் டாக்டரின் இரண்டு நிமிடம் வீண் போவதில்லை என்பதற்கு இவை சான்று.

பேச்சுச் சிகிச்சை எவ்வளவு உதவும்?
எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்சி தரும் சிகிச்சையைப் பற்றிய 75 ஆய்வுகளை 2020இல் தொகுத்துப் பார்த்தார்கள். வலி, முடக்கம், மன வேதனை மூன்றுமே குறைகின்றன. ஆனால் குறைவது சிறிய அளவில்தான். ஒரே நாளில் குணம் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். உடற்பயிற்சி, தூக்கம், தேவையான மருந்து ஆகியவற்றோடு சேரும்போது இந்தச் சிறிய பலன், ஒருவர் மறுபடி களைக்கொத்து பிடிக்கவும் தறியில் உட்காரவும் போதுமானதாக இருக்கலாம்.

வேலையைப் பங்கு போடுங்கள்
வலி குறைந்த நாளில் வீட்டு வேலை முழுக்க இழுத்துப்போட்டுச் செய்வது, அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடப்பது. இது பெரும்பாலான அம்மாக்களின் கதை. வலி நிபுணர்கள் சொல்வது வேறு: நல்ல நாளோ கெட்ட நாளோ, கொஞ்ச நேரம் வேலை, கொஞ்ச நேரம் ஓய்வு என்று அளவாக வைத்துக்கொள்ளுங்கள், வாரத்துக்கு வாரம் அந்த அளவைச் சிறிது கூட்டுங்கள். வீட்டில் உள்ளவர்கள் குடத்தையும் மாவுச் சட்டியையும் தூக்கிக் கொடுத்தால் இது நடக்கும்.

பெல்ட்டுக்கு முன் இதைப் படியுங்கள்
உலகில் 2020இல் 61.9 கோடிப் பேருக்கு இடுப்புவலி இருந்தது. குறிப்பிட்ட நோய்க் காரணம் இல்லாத நாட்பட்ட இடுப்புவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. வலியைப் பற்றிய விளக்கம், உடற்பயிற்சி, மனம் சார்ந்த சிகிச்சை ஆகியவற்றை அது பரிந்துரைக்கிறது. இடுப்பு பெல்ட், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷன் இரண்டையும் வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது.

ஊசியும் குவார்ட்டரும்
சந்தைக்குப் போகும் வழியில் ‘வலி ஊசி’ ஒன்று போட்டுக்கொள்வது பலருக்கு வாடிக்கை. வலிமாத்திரைகளை நாள்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரலாம். என்ன மருந்து என்று தெரியாமல் ஸ்டீராய்டு ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும். உடம்பு வலிக்காகச் சாயங்காலம் குடிப்பவர்களுக்கு, குடி தூக்கத்தைக் கெடுத்து மனச்சோர்வைக் கூட்டி வலியையும் வளர்க்கிறது. குடிப்பழக்கத்துக்கும் அரசு மருத்துவமனையில் சிகிச்சை உண்டு.

ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆதுலர் சாலை
வாலாஜாபாத் அருகே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராஜேந்திர சோழன் காலக் கல்வெட்டு ஒன்று 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையைப் பற்றிச் சொல்கிறது. காலம் 11ஆம் நூற்றாண்டு. மருத்துவர், அறுவை செய்பவர் ஆகியோரோடு, மருந்து கொண்டுவருவோர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள், நாவிதர் என்று எல்லாருக்கும் அதில் ஊதியம் குறிக்கப்பட்டிருக்கிறது. நோயாளிகளுக்கு அரிசியும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மருந்தோடு சோறும், அருகிருந்து பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும் என்ற அறிவு நம் மண்ணில் கல்லிலேயே பதிந்திருக்கிறது.

‘முழுமையான வலி’
செவிலியாக இருந்து மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ், 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் காப்பகத்தைத் தொடங்கினார். புற்றுநோயாளியின் உடல் நோவு, மனக்கலக்கம், குடும்பக் கவலை, ஆன்ம வேதனை நான்கையும் சேர்த்து ‘முழுமையான வலி’ என்றார். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருப்பதால் இந்தச் செய்தி நமக்கு மிக அருகில் உள்ளது. மருத்துவத் தேவைக்கு மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்க 2014இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. தாங்க முடியாத புற்றுநோய் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டியதில்லை, கேட்டுப் பெறலாம்.

வாசலுக்கு வரும் வைத்தியம்
2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை மட்டும் வருவதில்லை. இயன்முறை சிகிச்சையும், படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்கான வலி நிவாரணப் பராமரிப்பும் வீடு தேடி வரும் சேவைகளில் அடங்கும். பிரஷர் பார்க்க வரும் அக்காவிடம் ‘எனக்குத் தூக்கமே வரலை, மனசு சரியில்லை’ என்பதையும் சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லும் பழக்கம் வந்தால்தான் அதற்கான உதவியும் அந்த வாசலுக்கு வரும்.

டாக்டர் இல்லாமலும் துணை நிற்கலாம்
கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவர் அல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி தந்து, மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்களுக்கு ஆலோசனை சொல்ல வைத்தார்கள். மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவினர் 2010இல் வெளியிட்ட முடிவு: அரசு நிலையங்களில் அந்த ஆலோசனை கிடைத்தவர்கள் கூடுதலாகக் குணமடைந்தார்கள். நம் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் இதே பயிற்சியைக் கேட்டுப் பெற வேண்டும். ஊருக்கு ஊர் அவர்கள் இருக்கிறார்கள்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்
முதுகுவலியோடு காலில் பலம் குறைவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போவது, தொடை நடுவே மரத்துப்போவது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, விழுந்து அடிபட்ட பின் கடும் வலி. இவை இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நெஞ்சுவலியை ஒருபோதும் ‘டென்ஷன்’ என்று தள்ளிவிடாதீர்கள், 108ஐ அழையுங்கள்.

எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்
14416: மனநல ஆலோசனை, இலவசம், 24 மணி நேரமும், தமிழில். 2022 அக்டோபர் முதல் செயல்படுகிறது. 104: மருத்துவ ஆலோசனை. 181: பெண்களுக்கான உதவி. வீட்டில் அடி வாங்கும் பெண்ணின் உடம்பு வலிக்கு மாத்திரை மட்டும் தீர்வாகாது. அடி நிற்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடாமல் அழையுங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

அடுத்த முறை டாக்டரிடம்
ஐந்து விஷயங்களைச் சொல்லுங்கள்: வலி எத்தனை மாதமாக இருக்கிறது, எந்த வேலையை விட்டுவிட்டீர்கள், இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், மனசு எப்படி இருக்கிறது, இப்போது என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள். நான்காவதைச் சொல்லத் தயங்க வேண்டாம். முழங்காலைக் காட்ட வெட்கப்படாத நாம், மனசைக் காட்டவும் வெட்கப்படத் தேவையில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வைத்தியமே தீராத வலிக்கு முழு வைத்தியம்.